சருகு ஏன் உக்காமல் கிடக்கிறது? கழிவுச்சேற்றின் உலோகமும் மண்ணின் சிறு உயிர்களும்

2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, கிழக்கில் தோட்டம் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: எருவுக்கு எங்கே போவது? தடை அதே ஆண்டு நவம்பரில் நீங்கியது. ஆனால் சேதனப் பசளை பற்றிய பேச்சு நிலைத்துவிட்டது. சாணம், கோழி எரு, சல்வீனியா என்ற நீர்க்களை என்று தொடங்கும் அந்தப் பேச்சு சில நேரம் மலக்குழியிலிருந்து கலி பவுசர் (கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டி) உறிஞ்சி எடுக்கும் சேற்றிலும் வந்து நிற்கும். அங்கே மூன்று நம்பிக்கைகளைக் கேட்கலாம். "உக்கவிட்டால் நஞ்செல்லாம் போய்விடும்" என்பது ஒன்று. "மண்புழு வந்தால் மண் சுத்தம்" என்பது இன்னொன்று. "மலக்கழிவு என்றாலே முழு நஞ்சு, தொடவே கூடாது" என்பது மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அப்படியே நம்பினால் மூன்றும் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். சேற்றில் வரும் உலோகம் பயிரைத் தொடுமுன்பே, காலடியில் சருகைத் தின்று மண்ணாக்கும் சிறு உயிர்களைத் தொட்டுவிடும். அந்த மாற்றம் நம் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சேறு என்பது என்ன, உலோகம் எங்கிருந்து வருகிறது

கழிவுநீரைத் தேங்கவிட்டால் பாரமானவை அடியில் படியும். அப்படிப் படியும் திண்மம்தான் கழிவுச்சேறு. பெரிய நகரங்களில் கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நீரைச் சுத்தமாக்கி வெளியே விட்ட பிறகு அங்கே மிஞ்சுவது சேறு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலான வீடுகளுக்கு மலக்குழிதான் என்பதால், இங்கு சேறு பவுசரில் ஏறித்தான் வெளியே வருகிறது.

இதில் நைதரசனும் பொசுபரசும் சேதனப் பொருளும் உண்டு. பயிருக்கு நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. கூடவே நாகம் (துத்தநாகம்), செப்பு, ஈயம், கட்மியம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் வரும். இவற்றைப் பொதுவாகப் பார உலோகங்கள் என்பார்கள். நாகமும் செப்பும் சிறு அளவில் எல்லா உயிருக்கும் தேவை. ஈயமும் கட்மியமும் எந்த அளவிலும் நமக்கோ மண்புழுவுக்கோ தேவையில்லை.

வீட்டு மலக்குழியில் உலோகம் எப்படி வரும் என்று கேட்கலாம். வளர்ந்த ஒருவர் சாப்பாட்டோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் நாகத்தை உட்கொள்கிறார், ஏறத்தாழ அதே அளவு வெளியேறுகிறது. அதோடு நாகம் பூசிய கூரைத்தகடும் குழாயும் அரித்து வரும் நீர், செப்புக் குழாய், பொடுகுக்குப் போடும் ஷாம்பு, நாகம் கலந்த களிம்பு ஆகியனவும் சேரும். ஆனாலும் வீட்டுக் குழியின் அளவு பெரும்பாலும் அடக்கமானதுதான். பற்றரி திருத்தும் கடை, வாகனக் கராஜ், முலாம் பூசும் இடம், சாயப்பட்டறை ஆகியவற்றின் கழிவு வந்து சேரும் குழியில் கதை வேறு. ஒரே பவுசர் இரண்டு வகைக் குழியிலும் இழுத்தால், வெளியே கொட்டுவதில் எது எவ்வளவு என்று நிறத்தை வைத்தோ நாற்றத்தை வைத்தோ யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, எல்லாச் சேறும் ஒன்றல்ல. எங்கிருந்து வந்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

குழம்பு வற்றினால் உப்புக் கரிக்கும்

மீன் குழம்பை அடுப்பில் மறந்துவிட்டால் என்ன ஆகும்? நீர் வற்றும், உப்பு வற்றாது. போட்டது அதே உப்புத்தான், ஆனால் வாயில் வைக்க முடியாது. கூட்டெருக் குவியலிலும் இதுதான் நடக்கிறது.

100 கிலோ உலர்ந்த சேறு இருக்கிறது, அதில் கிலோவுக்கு 800 மில்லிகிராம் நாகம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த நாகம் 80 கிராம். உக்கும்போது சேதனப் பொருளின் காபன் காற்றில் கலந்து, குவியல் 60 கிலோவாகக் குறைகிறது. 80 கிராம் நாகம் எங்கும் போகவில்லை. இப்போது கிலோவுக்கு ஏறத்தாழ 1,330 மில்லிகிராம். குவியல் நன்றாகச் சூடேறினால் கிருமியும் கொழுக்கிப் புழுவின் முட்டையும் அழியும். உலோகம் ஒரு மூலகம். அதைச் சூடாக்கியோ உக்கவிட்டோ உடைக்க முடியாது.

மண்புழு எரு தயாரித்தாலும் இதே நிலைதான். புழு கொஞ்சத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், செத்ததும் அது திரும்ப மண்ணுக்கே வரும். வைக்கோலும் இலையும் கலந்தால் செறிவு குறையும், உண்மைதான். ஆனால் அதே உலோகத்தை இன்னும் அதிக கூடைகளில் சுமந்து அதே தோட்டத்தில்தான் கொட்டுகிறோம்.

இது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்தின் வோபர்ன் பரிசோதனைத் தோட்டம் பேர்போன சான்று. அங்கு 1942 முதல் 1961 வரை கழிவுச்சேறு இட்டார்கள், பிறகு நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் உலோகத்தின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருந்தது. அந்த மண்ணில் குளோவர் என்ற அவரையினப் புல்லின் வேர்முடிச்சுகள் நைதரசனைப் பதிக்கத் தவறின, ஏனென்றால் அதற்குரிய பற்றீரியாக்கள் அங்கு நிலைக்கவில்லை. நம் கச்சானுக்கும் பயறுக்கும் உதவும் பற்றீரியாக்கள் வேறு வகை. அதே அளவில் அதே கதி வரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இட்டதை நிறுத்தினாலும் விளைவு தானாக நிற்காது என்பதை இந்தத் தோட்டம் தெளிவாகக் காட்டியது.

ஓர் இலை உக்கும் விதம்

மார்கழி மழையில் மாமரத்தடிச் சருகை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மேலே கிடப்பது முழு இலை, மொறமொறப்புப் போய் நனைந்திருக்கும். அதற்குக் கீழே இருப்பதில் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும், இடையிலுள்ள சதை இல்லை. இன்னும் கீழே இலை என்று சொல்லவே முடியாது, கறுப்புப் பொடி, அதில் வெள்ளை நூல் ஓடும். அந்த மூன்று அடுக்கும் ஒரே இலையின் மூன்று பருவங்கள்.

முதலில் நடப்பது கரைதல். தேயிலையில் சாயம் இறங்குவதுபோல, மழை பட்ட சில நாளிலேயே இலையிலிருந்து சர்க்கரையும் பொற்றாசியமும் இறங்கிவிடும். இதற்கு எந்த உயிரும் தேவையில்லை.

அடுத்தது துண்டாக்கம், அதாவது இலையைக் கடித்தும் கிழித்தும் சிறிதாக்குவது. முழு அரிசியைவிட இடித்த மா விரைவாக வேகும், ஏனென்றால் வெந்நீர் தொடும் பரப்பு கூடுகிறது. மண்புழு, மரவட்டை, மரப்பேன் (ஈரமான மரத்தடியில் வாழும் பல கால் சிறு உயிர்) ஆகியன இந்த இடிப்பைச் செய்கின்றன. அவை தின்றதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே வெளியே தள்ளும். அந்த எச்சத்தில்தான் நுண்ணுயிர்கள் பெருகும்.

கடைசியில் வருவது உண்மையான உக்குதல். பங்கசுவும் பற்றீரியாவும் நொதியம் சுரந்து இலையின் கடினப் பொருளைக் கரைத்துத் தின்கின்றன. சருகுக்குள் ஓடும் வெள்ளை நூல் பங்கசுவின் உடல். இந்த நூலை மேய்வதற்கென்றே ஊசிமுனை அளவில் ஒரு கூட்டம் உண்டு. வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் வாலைச் சுண்டித் துள்ளும் வெண்பூச்சிகள் (இக்கட்டுரையில் துள்ளுவாலிகள் என்போம்), மண்ணில் வாழும் சிற்றுண்ணிகள். மாடு மேய்ந்த புல் மறுபடி துளிர்ப்பதுபோல, அளவாக மேயப்பட்ட பங்கசு புதிதாக ஓடும்.

மண்புழு முதல் துள்ளுவாலி வரை முதுகெலும்பில்லாத இந்தக் கூட்டத்தையே மண்வாழ் முள்ளந்தண்டிலிகள் என்கிறோம். நம் பகுதியில் இன்னொரு பெரிய ஆள் கறையான். அது இலையை நின்ற இடத்தில் உக்கவைப்பதில்லை, தூக்கிக்கொண்டு போய்விடும். இது பின்னால் நமக்கு ஒரு சிக்கலைத் தரும். (வாவிக் கரையின் கண்டல் காட்டில் இதே துண்டாக்கும் வேலையை நண்டுகள் செய்கின்றன.)

எந்த இலை என்பதும் பெரிய விடயம். கிளிரிசீடியா இலையில் நைதரசன் அதிகம், மழைக்காலத்தில் சில வாரத்திலேயே உருத்தெரியாமல் போகும். மரமுந்திரிகை இலை தடித்தது, கடினப் பொருள் அதிகம், மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே "சருகு உக்கவில்லை" என்று சொல்லுமுன் எந்த மரத்துச் சருகு என்று பார்க்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், மழை கரைக்கிறது, சிறு உயிர் கிழிக்கிறது, நுண்ணுயிர் உக்கவைக்கிறது. உலோகம் மழையை ஒன்றும் செய்யாது. மற்ற இரண்டையும் பிடிக்கும்.

உலோகம் எங்கே பிடிக்கிறது

ஊரில் நாக்கிளிப் புழு என்று சொல்லும் மண்புழுவிலிருந்து தொடங்குவோம். அதற்கு ஓடில்லை. தோல் மெல்லியது, எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது தோலால்தான் மூச்சு விடுகிறது. மண்ணீரில் கரைந்த உலோகம் தோல் வழியாகவே உள்ளே போகும். மண்ணையும் சருகையும் விழுங்குவதால் குடல் வழியாகவும் போகும். இரண்டு கதவும் திறந்த வீடு.

உள்ளே போன உலோகத்தைப் புழு சும்மா விட்டுவிடாது. குடலைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு திசு இருக்கிறது. ஈயத்தையும் நாகத்தையும் அங்கே சிறு மணிகளுக்குள் அடைத்து வைக்கும். கட்மியத்தை ஒரு தனிப் புரதத்தால் சுற்றிப் பொட்டலம் கட்டும். இதனால் புழு உடனே சாவதில்லை. ஆனால் பொட்டலம் கட்டுவதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி வளர்ச்சியிலிருந்தும் முட்டையிடுவதிலிருந்தும் பிடுங்கப்படுகிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆய்வுகூடத்தில் தயாரித்த ஒரே மாதிரி மண்ணில், கூட்டெருவுக்குப் பயன்படும் சிவப்பு மண்புழுவை வைத்துச் செய்த சோதனைகளில், மண்ணின் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமை ஒட்டிய செப்பே முட்டைக்கூடுகளைப் பாதியாக்கியது. பாதிப் புழுக்கள் சாவதற்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டியிருந்தது. பத்து மடங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் இருக்கும் தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் புழு தெரியும், பெரிய புழுவாகவே தெரியும். குஞ்சு மட்டும் தெரியாது. செப்பு மண்புழுவுக்கு எவ்வளவு பகை என்பதை, பல ஆண்டு செப்புக் கலந்த பங்கசு நாசினி அடித்த பழத்தோட்டங்களிலும் பார்த்திருக்கிறார்கள். அங்கும் புழு அருகிப் போனது.

மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மரப்பேனின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதே செப்புள்ள ஒரு புரதம்தான். அது செப்பையும் நாகத்தையும் கட்மியத்தையும் தன் செரிமானச் சுரப்பியில் நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். துள்ளுவாலி குடலின் உட்சுவரில் உலோகத்தைச் சேர்த்து, தோலுரிக்கும்போது அந்தச் சுவரையும் உரித்துத் தள்ளிவிடும். ஆகவே உலோகம் கூடினால் எல்லா உயிரும் ஒன்றாக மறைவதில்லை. தாங்குபவை மிஞ்சும், தாங்காதவை கழியும். பல வேளைகளில் முதலில் நடப்பது சாவே அல்ல, இடப்பெயர்வு. பிடிக்காத மண்ணை விட்டுப் புழு நகர்ந்துவிடும்.

இலையும் சும்மா கிடப்பதில்லை. உக்கும் சருகு தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செப்பையும் ஈயத்தையும் இறுக்கமாகவே பிடிக்கும். எனவே அரைவாசி உக்கிய இலையில், புதிதாய் விழுந்த இலையைவிட உலோகம் அதிகம். உண்ணத்தகுந்த பதத்துக்கு வரும் நேரத்திலேயே அது கெட்ட உணவாகிவிடுகிறது. பங்கசுவும் பற்றீரியாவும் அந்த உலோகத்தைச் சமாளிக்கவே அதிகம் உழைத்து, உக்கவைக்கும் வேலையில் பின்தங்கும்.

இது முற்றினால் என்ன ஆகும் என்பதை உலோகாலைகளைச் சுற்றியிருந்த காடுகளில் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஏவன்மவுத் நாக உருக்காலைக்கு அருகிலும், சுவீடனின் கூசும் பித்தளை ஆலைக்கு அருகிலும் சருகு உக்காமல் அடுக்கடுக்காகக் குவிந்தது. ஏவன்மவுத்தில் ஆலையை நெருங்க நெருங்க மண்புழு இனங்கள் குறைந்து கடைசியில் இல்லாமலே போயின. அங்கு உலோகம் வந்தது புகையிலும் தூசியிலும், சேற்றில் இல்லை. அளவும் மிக அதிகம். நம் தோட்டம் அந்த நிலைக்குப் போகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கோடு எந்தத் திசையில் போகிறது என்பதற்கு அது ஒரு முனை.

இலை குவிவது வெறும் அழுக்குப் பிரச்சினையும் இல்லை. அந்த இலைக்குள் அடைபட்ட நைதரசனும் பொசுபரசும் மரத்துக்குத் திரும்பவில்லை என்பதே அதன் பொருள்.

பெட்டகத்துக் காசும் கைக்காசும்

இரண்டு தோட்டத்திலும் ஒரே அளவு நாகம் என்று ஆய்வுகூட அறிக்கை சொல்கிறது. ஒன்றில் புழு நன்றாக இருக்கிறது, மற்றதில் இல்லை. எப்படி?

பெட்டகத்தில் பூட்டிய காசும் கையில் இருக்கும் காசும் கணக்கில் ஒன்றுதான், செலவழிக்க முடிவது கைக்காசை மட்டும். மண்ணில் உள்ள உலோகத்தில் களியும் சேதனப் பொருளும் பிடித்து வைத்திருப்பது பெட்டகத்துக் காசு. மண்ணீரில் கரைந்திருப்பது கைக்காசு. உயிர்கள் உண்மையில் எடுக்கக்கூடிய இந்தப் பங்கை உயிர்க்கிடைப்பு என்பார்கள். தீங்கு செய்வது பெரும்பாலும் இந்தப் பங்குதான்.

பெட்டகத்தைத் திறக்கும் முதல் திறவுகோல் அமிலத்தன்மை. மண் புளிக்கப் புளிக்க, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 இலிருந்து 5 ஐ நோக்கி இறங்க இறங்க, நாகமும் கட்மியமும் விடுபடும். யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் தொடர்ந்து இட்டால் மண் மெல்லப் புளிக்கும். இரண்டாவது, களியின் அளவு. எழுவான்கரையின் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) கடலோர மணலில் களி மிகக் குறைவு, பிடித்து வைக்கும் கை குறைவு. அதே சேற்றை அங்கு இட்டால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல்மண்ணில் இட்டதைவிடக் கைக்காசு அதிகம். எழுவான்கரையில் கிணற்று நீர்மட்டமும் மேலேயே இருப்பதால், மாரி மழையில் சேற்றின் நைத்திரேற்றும் கரைந்த உலோகமும் கீழே இறங்க அதிக தூரம் இல்லை.

மூன்றாவது, சேதனப் பொருள். இதுதான் மிகவும் தந்திரமானது. சேறு தன் உலோகத்தைத் தானே கட்டி வைத்திருக்கும், அதன் சேதனப் பொருள்தான் கயிறு. முதல் சில ஆண்டு எல்லாம் நன்றாக இருக்கும், புழுவும் பெருகும். நம் வெப்பத்தில் அந்தச் சேதனப் பொருள் விரைவாக உக்கிக் கரையும். கயிறு உக்கியபின் கட்டு என்ன ஆகும்? ஒரு பகுதி உலோகம் சேற்றிலிருந்த இரும்பு ஒட்சைட்டுகளோடு ஒட்டி அடங்கியே இருக்கும், மறுபகுதி விடுபடும் என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாதம் உண்டு. எவ்வளவு விடுபடும் என்பது மண்ணுக்கு மண் மாறும். மணலில் அபாயம் அதிகம் என்பதில் வாதம் இல்லை.

நெல்வயலுக்கு ஒரு தனிக் குறிப்பு. நீர் நிற்கும் வயலில் ஒட்சிசன் இல்லாததால் கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகக் கிடக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்துக் காயவிடும்போது அது மீண்டும் கரையும். சரியாக அந்த நேரத்தில்தான் நெல்மணி பால்பிடித்து முற்றுகிறது. வயலுக்குக் கட்மியம் உள்ள சேறு கூடவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மொத்த அளவு, அமிலத்தன்மை, மண்ணின் வகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் "இவ்வளவு வரை ஆபத்தில்லை" என்று ஒரு எண்ணைச் சொல்ல முடியாது.

ஓர் ஏக்கர் கணக்கு

ஓர் ஏக்கரின் மேல் 20 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 1,050 தொன். ஆண்டுக்கு 4 தொன் உலர் சேறு இடுகிறோம், அதில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நாகம் என்போம். அப்படியானால் ஆண்டுக்கு 4 கிலோ நாகம். நன்றாகக் கொத்திக் கலந்தால் மண்ணின் கிலோவுக்கு 3.8 மில்லிகிராம் கூடும். இருபது ஆண்டில் 76. கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், சேறு இடும் மண்ணுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1986 இல் விதித்த எல்லைகளில் நாகத்துக்கு 150 முதல் 300, செப்புக்கு 50 முதல் 140, கட்மியத்துக்கு 1 முதல் 3 மில்லிகிராம். பி.எச். 6 முதல் 7 வரை உள்ள மண்ணுக்கானது அது. புளித்த மணலுக்கு அப்படியே பொருந்தாது.

இனி அதே சேற்றைக் கொத்தாமல் மாமரத்தடியில் மேலாகப் பரப்புகிறோம் என்று வையுங்கள். அது மேல் 2 சென்ரிமீற்றரிலேயே நிற்கும். 3.8 இல்லை, ஒரே ஆண்டில் 38. துள்ளுவாலியும் மரவட்டையும் சருகைத் தின்னும் புழுவும் வாழ்வது அந்த 2 சென்ரிமீற்றரில்தான். மண்பரிசோதனைக்கு 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மாதிரி எடுத்து அனுப்பினால், பாதிக்கப்பட்ட மேல்தோல் கீழ்மண்ணோடு கலந்து அறிக்கை நன்றாகவே வரும். சருகு மட்டும் உக்காது. மேலாகப் பரப்பிய இடத்தில் மேல் 2 சென்ரிமீற்றரைத் தனியாக ஒரு மாதிரி எடுங்கள்.

"மண்புழு நிறைய இருக்கிறதே?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

புதிய சேற்றை ஊற்றி இரண்டு நாளில் புழு செத்து மேலே கிடந்தால், "உலோக நஞ்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அமோனியாவும் உப்பும் ஒட்சிசன் இல்லாமையும் செய்த வேலை. சில வாரம் ஆறவிட்டால் அந்தக் கேடு நீங்கும். மறுபக்கம், ஆறிய சேற்றில் புழு பெருகினால் "சுத்தமான எரு" என்கிறார்கள். உணவு கிடைத்ததால் புழு வந்தது. உலோகத்தின் கேடு அதற்குப் பிறகு, உணவு தீர்ந்தபின் தெரியும்.

புழு பெருகினாலும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கும். கட்மியம் மண்ணில் இருப்பதைவிடப் புழுவின் உடலில் பல மடங்கு செறிவாகும். அந்தப் புழுவைக் கோழியும் கொக்கும் தின்னும். சேறு இட்ட நிலத்தில் கோழியை மேயவிடாதிருப்பது நல்லது.

புழுவைச் சரியாக எண்ண, 25 சென்ரிமீற்றர் நீள அகலத்தில், 25 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு சதுரக் குழி வெட்டி, மண்ணை வெள்ளை உரப்பையில் கொட்டிக் கையால் கிளறுங்கள். கிடைத்த எண்ணிக்கையை 16 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான கணக்கு. குறைந்தது ஐந்து குழியாவது வெட்ட வேண்டும், ஒரு குழி எதையும் சொல்லாது. எண்ணும்போது மூன்றாகப் பிரியுங்கள். கழுத்தருகே தடித்த பட்டை உள்ளது முதிர்ந்த புழு. பட்டை இல்லாதது இளம்புழு. எலுமிச்சை வடிவில், சில மில்லிமீற்றர் நீளத்தில், வைக்கோல் நிறத்தில் கிடப்பது முட்டைக்கூடு. முதிர்ந்தவை மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால் கவலைப்பட வேண்டும். ஆவணியில் தோண்டி "புழுவே இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். கோடையில் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும். மார்கழி, தை ஏற்ற காலம், ஆனால் வெள்ளம் நின்ற இடத்தை விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே இட்டாயிற்று என்றால்

மண்ணிலிருந்து உலோகத்தை எடுத்தெறிய வீட்டளவில் வழியில்லை. கைக்காசைப் பெட்டகத்தில் பூட்டத்தான் முடியும். மேலும் சேறு இடுவதை நிறுத்துங்கள். பி.எச். பரிசோதித்து, புளித்திருந்தால் டொலமைற்று அல்லது சுண்ணாம்பு இட்டு 6.5 க்கு அருகில் கொண்டு வந்து அங்கேயே வைத்திருங்கள். மணலில் அளவுக்கு மிஞ்சிச் சுண்ணாம்பு போட்டால் பயிருக்கு இரும்பும் மங்கனீசும் கிடைக்காமல் இலை வெளிறும். ஆகவே அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு இடுங்கள். உக்கிய சாணத்தையும் இலையெருவையும் ஆண்டுதோறும் கொடுங்கள், கயிறு தீரத் தீரப் புதுக் கயிறு வேண்டும். கீரை வகை கட்மியத்தை எளிதில் இழுக்கும், அந்தப் பாத்தியில் அதை விட்டுப் பூச்செடியோ மரமோ வைக்கலாம்.

வலைப்பையால் பார்ப்பது

உக்கும் வேகத்தை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை மிக எளியது, பள்ளிக்கூடத்திலும் செய்யலாம். நைலோன் வலையில் 15 சென்ரிமீற்றர் சதுரப் பை தைத்து, உள்ளே நிறை பார்த்த சருகைப் போட்டு, நிலத்தில் வைத்து, பிறகு எடுத்து மறுபடி நிறுப்பது. அவ்வளவுதான்.

வலையின் கண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு வகை தையுங்கள். ஒன்று 5 மில்லிமீற்றருக்குக் குறையாத கண் உள்ள மீன்வலை. அதற்குள் மண்புழுவும் மரவட்டையும் நுழையும். மற்றது ஜன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலை. அதற்குள் துள்ளுவாலியும் நுண்ணுயிரும் போகும், பெரியவை போகா. நல்ல மண்ணில் பெரிய கண் பை விரைவாகக் காலியாகும். இரண்டும் ஒரே வேகத்தில் குறைந்தால், கிழிக்கும் பெரிய உயிர்கள் அங்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டுமே, சேறு இடாத பக்கத்து நிலத்துப் பைகளைவிட மந்தமாக இருந்தால் நுண்ணுயிரும் அடிபட்டிருக்கலாம். ஒப்பிட அந்தப் பக்கத்து நிலம் கட்டாயம் வேண்டும், அதே மண், அதே நிழல்.

ஒரே மரத்தின், தானாக உதிர்ந்த இலையை எடுங்கள். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு பைக்கும் 10 கிராம் நிறுத்துப் போடுங்கள். சுரண்டும் கோழியும் நாயும் இழுக்காதபடி கம்பியால் முளையடித்து, சருகுக்கு அடியில் மண்ணைத் தொடும்படி வையுங்கள். மழை தொடங்கியதும் வைத்து 2, 4, 8 வாரத்தில் ஒவ்வொரு முறையும் வகைக்கு ஐந்து பையாக எடுக்க வேண்டும். பையைத் தூக்கும்போது கீழே ஒரு தட்டைப் பிடியுங்கள், இல்லையென்றால் துண்டுகள் கொட்டி, உக்காத இலையும் உக்கியதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டு இடத்தில் பிழை வரும். முதலாவது கறையான். பைக்குள் மண் பூசிய வழிகள் தெரிந்தால் அந்தப் பையைத் தனியாகக் குறித்து வையுங்கள். கறையானின் கூடு ஆழத்தில் இருப்பதால், மேல்மண் கெட்ட நிலத்திலும் அது வந்து இலையைக் கொண்டுபோகும். அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கெட்ட மண் நல்ல மண்போல் தெரியும்.

இரண்டாவது மணல். எழுவான்கரையில் இது தவறாமல் நடக்கும். ஈர இலையில் மணல் ஒட்டி, 8 வாரம் கழித்து நிறுத்தால் 10 கிராம் 12 கிராமாகக் கூடியிருக்கும். தூரிகையால் தட்டி, ஒரு கிண்ணம் நீரில் ஒருமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு நிறுங்கள். மிஞ்சியதில் ஒரு கிராமை ஒரு பழைய தகர மூடியில் போட்டுச் சாம்பல் வெளுக்கும்வரை எரித்து, சாம்பலையும் நிறுங்கள். நிலத்தில் வைக்காத இலையிலும் ஒரு கிராமை அப்படியே எரித்துப் பாருங்கள். இரண்டு சாம்பலுக்கும் இடையில் கூடுதலாக உள்ள நிறை ஏறத்தாழ மணல்தான். ஒரு கிராமில் 0.3 கிராம் கூடுதலாக இருந்தால், பையில் மிஞ்சியதாக நிறுத்த 6 கிராமில் 1.8 கிராம் மணல், இலை 4.2 கிராம்தான்.